நாட்டின் ஆராய்ச்சித் திட்டமும் நம் மாவட்டத்துக் குடிநீரும்

ஒரு நாடு எதனை ஆராய வேண்டும், எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று முடிவு செய்வோர் யாவர்? இது தில்லியில் உள்ள பெரியவர்களின் அலுவல் என்று நம் இளைஞர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். வரலாறு அவ்வாறு ஒதுங்கச் சொல்லவில்லை. இந்நாட்டில் அறிவியல் திட்டமிடலுக்கு வித்திட்டோருள் இருவர், சாதியின் பெயரால் பந்தியிலும் குளக்கரையிலும் தடுக்கப்பட்டவர்கள் ஆவர்.

முதலாமவர் மேகநாத் சாகா. 1893-ஆம் ஆண்டு டாக்காவை அடுத்த சியோராதலி என்னும் சிற்றூரில், ஏழைக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாவில் ஈடன் இந்து விடுதியில் தங்கிப் பயின்ற காலத்தில், உயர்சாதி மாணவர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். அந்த மாணவரே 1920-இல் விண்மீன்களின் வெப்பநிலையை அவற்றின் ஒளியைக் கொண்டு அறிய வழிசெய்த சமன்பாட்டை உலகுக்கு அளித்தார். 1927-இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அதே 1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதற்காக அவருடன் சென்ற மக்கள் அடிபட்டனர்.

சாகா ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1935-இல் 'சயின்ஸ் அண்டு கல்ச்சர்' என்னும் இதழைத் தொடங்கி, ஆறுகளையும் மின்விசையையும் பற்றி இடைவிடாது எழுதினார். 1938-இல் காங்கிரசுத் தலைவராயிருந்த சுபாசு சந்திர போசிடம் வாதாடி, தேசியத் திட்டக் குழு அமையக் காரணமானார். நேரு அதன் தலைவர். அறிவியலாளர், தொழிலதிபர், பொருளியல் அறிஞர் ஆகியோர் 29 துணைக் குழுக்களில் ஒன்றுகூடி நாட்டின் நெடுங்காலத் தேவைகளை ஆராய்ந்தனர். விடுதலைக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, அடிமை நாடு தன் ஆராய்ச்சிக்குத் திட்டம் தீட்டியது என்பது சிறிய செய்தியன்று.

இருவரின் உழைப்பும் ஒரே ஆற்றங்கரையில் சந்தித்தது. 1943-இல் தாமோதர் ஆறு கரையை உடைத்துக் கல்கத்தாவின் இருப்புப் பாதையைத் துண்டித்தது. அதனை ஆராய்ந்த குழுவில் சாகா இடம்பெற்றார். அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கைப் போல் முழு ஆற்றுப் படுகையையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்போது வைசிராய் ஆட்சிக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். 1945 சனவரியில் கல்கத்தாவில் வங்காள, பீகார் அரசுகளின் பேராளரை ஒருங்கே அமர்த்தித் தலைமை தாங்கினார். மத்திய மின்விசை வாரியமும் மத்திய நீர்வழி ஆணையமும் அவர் பொறுப்பில் உருவாயின. குளத்து நீரைத் தொடக் கூடாது என்று தடுக்கப்பட்டவர், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆறு முழுமைக்கும் திட்டம் வகுத்தார்! தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-இல் சட்டமாயிற்று. ஆயினும் அவ்வணைகளுக்காக நிலம் இழந்தோருள் சந்தால் பழங்குடியினர் மிகப் பலர். திட்டம் தீட்டும் அவையில் அவர்களுக்கு இருக்கை இல்லை. இதனை மறைத்து எழுதுதல் முறையாகாது.

1956 பிப்ரவரியில், திட்டக் குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியிலேயே சாகா உயிர் நீத்தார். அதே ஆண்டு திசம்பரில் அண்ணலும் மறைந்தார்.

பின்னர் வந்த முயற்சிகளைச் சுருங்கச் சொல்லலாம். 1971-இல் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழு நம் தமிழகத்துச் சி. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்து, 1974 முதல் 1979 வரைக்கான அறிவியல் திட்டத்தை வகுத்தது. 1990-களில் அப்துல் கலாம் தலைமையில் அறிஞர் பலர் கூடி 2020-ஆம் ஆண்டை நோக்கிய தொழில்நுட்பத் தொலைநோக்கைத் தயாரித்தனர். காகிதத்தில் நின்றவை பல, களத்திற்கு வந்தவை சில.

களத்திற்கு வந்தவற்றுள் ஒன்று நம்மைத் தொடுகிறது. 1986-இல் தொடங்கிய தேசியக் குடிநீர் இயக்கம், நரம்புச் சிலந்தி நோயையும் நீரில் மிகுந்த புளூரைடையும் ஆராய்ச்சியின் முன்வரிசையில் வைத்தது. நரம்புச் சிலந்தி அற்ற நாடாக இந்தியா 2000-இல் சான்று பெற்றது. புளூரைடு அவ்வளவு எளிதில் விடவில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு அதனைப் பிரிக்கும் நல்கொண்டா முறையை நாகபுரி ஆய்வு நிலையம் கண்டறிந்தது. ஆனால் நாள்தோறும் அளந்து கலக்க ஆள் வேண்டுமே! பாறையைத் துளைத்து ஆழத்து நீரை எடுக்கும் தருமபுரிச் சீமையில், பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் நோவும் தலைமுறைகளைத் தொடர்ந்தன. தீர்த்தத்தின் பெயரைத் தாங்கிய மலை நம்முடையது. அம்மலை நிற்கும் மாவட்டமோ நல்ல குடிநீருக்கு ஏங்கியது. தனிக் கிணறு வெட்டவோ நீரை விலைக்கு வாங்கவோ இயலாத சேரி மக்களுக்குக் குழாயடியன்றி வேறு புகல் ஏது?

இறுதியில் காவிரி நீரையே கொண்டுவருவது என்று முடிவாயிற்று. சப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013-இல் திறப்பு நிகழ்ந்தது. புளூரைடு நோய் இந்நாட்டில் முதன்முதலாக நெல்லூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு அறிவிக்கப்பெற்றது 1937-இல். இரண்டுக்கும் இடையே கழிந்தவை 76 ஆண்டுகள்.