பாறையிலும் விதானத்திலும் படக்கதைகள்

வைகை அணையிலிருந்து தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கினுள் அமைந்த ஊர் உத்தமபாளையம். 1959இல் அணை திறக்கப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே, அவ்வூர்ப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பெற்றன. அங்குள்ள வட்டெழுத்துக்கள் அச்சணந்தி முதலாகச் செய்வித்தோரின் பெயர்களைக் கூறுகின்றன, கதையைக் கூறவில்லை.

பாம்பின் படம் தலைமேல் விரிந்த பார்சுவநாதரைக் காணும் குழந்தை, "பாம்பு ஏன்?" என்றே முதலில் வினவும். தவத்தில் நின்ற பெருமான்மீது முற்பிறவிப் பகைவனாகிய கமடன் புயலையும் மழையையும் ஏவியதையும், தரணேந்திரன் படம் விரித்துக் காத்ததையும் மூத்தோர் வாய்மொழியே உணர்த்த வேண்டும்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் இக்குறை ஓரளவு நீங்கியது. விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில், பிற்கால ஓவியர்கள் ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் வரலாறுகளை வரிசை வரிசையாகத் தீட்டினர். நேமிநாதரின் உறவினனாகிய கண்ணனின் பிள்ளை விளையாட்டுகளும் அங்கு உண்டு. காட்சிகளுடன் தமிழில் விளக்கமும் எழுதிவைத்தனர். டி. என். இராமச்சந்திரன் 1934இல் வெளியிட்ட நூலில் அவற்றைக் காட்சி காட்சியாக ஆராய்ந்தார்.

இன்று அவ்வண்ணங்கள் பல இடங்களில் மங்கிவிட்டன. உத்தமபாளையத்துச் சிற்பங்களோ நிலைத்துள்ளன. ஆயினும் கதை அறிந்தவர் அருகில் இல்லையேல், குழந்தைக்கு அவை வெறும் கல்லே. விழா விடுமுறையில் பேரக்குழந்தைகளை அப்பாறையின் முன் நிறுத்தி ஒரு கதையேனும் சொல்லுதல் பெரியோர் கடமை. செதுக்கியவர் விட்டுச்சென்ற பாதிப் பணி அதுவே.