யந்திரம் பாராமல் கற்ற பாஷை

மாஹிம் ரயில் நிலையத்தின் மேற்கு வாயிலால் வெளியே வந்தால் மாஹிம். கிழக்கு வாயிலால் வந்தால் தாராவி. அங்கிருந்தே ஹார்பர் ரயிலில் ஒரு நிலையம் சென்றால் கிங்ஸ் சர்க்கிள், அதாவது மாட்டுங்கா. மகான் மக்தூம் அலி மாஹிமியின் தர்காவைப் பற்றியும், 1845-இல் ஆவாபாய் ஜீஜீபாய் அம்மையாரின் கொடையால் எழுந்து மாஹிமையும் பாந்திராவையும் இணைத்த கடற்பாதையைப் பற்றியும் பம்பாய்ச் சரித்திரக்காரர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால், இந்த நிலையத்தைச் சுற்றி நாலா பக்கமும் குடியேறிய தமிழர்கள் ஜீவனோபாயத்தை முன்னிட்டு ஒன்றன்பின் ஒன்றாக எந்தெந்த வித்தைகளைப் புத்தகத்தின் துணை ஒன்றையே நம்பிக் கற்றார்கள் என்ற விருத்தாந்தம் அத்தனை கவனம் பெறவில்லை. அவ்வித்தைகளுள் கடைசியாக வந்ததும், மற்றவற்றையெல்லாம் விழுங்கிவிட்டதும் கணிப்பொறிக்குரிய பாஷையை எழுதும் வித்தை.

அதற்கு முந்தைய வித்தை சுருக்கெழுத்து. இந்த நூற்றாண்டின் குழந்தைகளுக்கு அது என்னவென்றே விளக்க வேண்டியிருக்கும். 1837-இல் ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் வகுத்த அந்த ரேகைக் குறிகளை, தஞ்சாவூரிலும் பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும் பள்ளிப் படிப்பை முடித்த வாலிபர்கள் மனப்பாடம் செய்து, தட்டச்சில் லோயர், ஹையர் பரீட்சைகள் தேறி, பம்பாய்க்கு ரயிலேறி, மாட்டுங்காவில் ஓர் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலோ பலர் சேர்ந்து எடுத்த அறையிலோ தங்கி, கோட்டைப் பகுதியின் கம்பெனிகளில் ஸ்டெனோக்களாக அமர்ந்தார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும், 1942-இல் ராம நாயக்கின் உடுப்பி உணவுச்சாலை மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே தொடங்கியதும், பின்னர் ஷண்முகானந்த சபை கிளைத்ததும் இவர்களையும் இவர்களைப் போன்ற குமாஸ்தாக்களையும் ஆதாரமாகக் கொண்டுதான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தட்டச்சுப் பொறி வீட்டில் இருந்தவர்கள் அபூர்வம். இன்ஸ்டிடியூட்டில் கிடைத்ததோ நாளுக்கு ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அப்பியாசம் மேசைமேல் விரல்களாலும் மனத்தாலும் நடந்தது. கருவி கைக்கு வருமுன்பே கருவியின் ஒழுங்கைக் கற்றுவிடும் இந்தப் பழக்கம் பிற்காலத்துக்கு எவ்வளவு பெரிய மூலதனமாக வாய்த்தது என்பதை அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில், மாஹிமிலிருந்து சர்ச்கேட் வரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலுமாகப் போய்ச் சேரக்கூடிய கொலாபாவில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு யந்திரத்தைத் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தலைமை வகித்தவர் சென்னையில் 1926-இல் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் அமெரிக்காவிலும் பயின்று, 1954-இல் நிலையத்தில் சேர்ந்த ஆர். நரசிம்மன். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்களும், 1,700 ஜெர்மேனியம் டையோடுகளும், 12,500 மின்தடைகளும் கொண்டு, 2,048 சொற்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளக் கூடியதாய் இருந்த அந்த யந்திரம் 1960-இல் வேலை தொடங்கியது. 1962-இல் ஜவாஹர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதே காலத்தில், 1961-இல், பம்பாயிலிருந்த எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனி ஐபிஎம் 1401 ஒன்றை வியாபாரக் கணக்குகளுக்காக வரவழைத்தது. 1964-இல் கொலாபாவுக்கு சிடிசி 3600 என்னும் பெரிய யந்திரம் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. அதனுடன் ஃபோர்ட்ரான் என்ற பாஷையும் பம்பாயில் ஊன்றிக்கொண்டது. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்குகளை எடுத்துக்கொண்டு அந்த ஒரே யந்திரத்தின் வாயிலுக்கு வந்தார்கள்.

யந்திரம் வந்துவிட்டது, புத்தகம் எங்கே? உலகத்தில் புரோகிராம் எழுதக் கற்பிக்கும் முதற்புத்தகம் 1951-இல் வெளியாயிற்று. கேம்பிரிட்ஜின் எட்சாக் யந்திரத்தைக் கட்டிய வில்க்ஸும், அவருடைய சகாக்களான வீலரும் கில்லும் சேர்ந்து எழுதிய அந்நூல் அந்த யந்திரத்தையே சார்ந்தது. யந்திரத்தின் உட்கூற்றை அறியாத எஞ்சினீயரும் எழுதக்கூடிய பாஷையாக 1957-இல் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரானை வெளியிட்ட பிறகுதான், யந்திரத்தை விட்டுத் தனியே நிற்கக்கூடிய பாடப்புத்தகம் சாத்தியமாயிற்று. 1961-இல் டேனியல் மெக்கிராக்கன் எழுதிய ஃபோர்ட்ரான் வழிகாட்டி அவ்வகையில் பிரசித்தி பெற்றது. ஆனால் டாலரில் விலை போட்ட புத்தகம் மாஹிமிலிருந்து வேலைக்குப் போகும் குமாஸ்தாவின் மகனுக்கு எட்டும் பொருளா?

எட்டும் விலையில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். இந்திய விஞ்ஞானக் கழகத்திலும், மாசசூசெட்ஸிலும், விஸ்கான்சினிலும் பயின்று திரும்பிய அவர், கான்பூர் ஐஐடியில் 1963-இல் ஐபிஎம் 1620 நிறுவப்பட்டபோது அங்கே ஆசிரியராக இருந்தார். கான்பூரில் அந்நாட்களில் ஓர் அருமையான ஏற்பாடு செய்தார்கள். நாட்டின் பல கல்லூரிகளிலிருந்தும் ஆராய்ச்சிச் சாலைகளிலிருந்தும் ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் வரவழைத்து, சில நாட்களுக்குள் புரோகிராம் எழுதக் கற்பித்து அனுப்பினார்கள். அவ்வாறு கற்பித்த அநுபவத்தின் பலனே 1969-இல் பிரென்டிஸ் ஹால் ஆஃப் இந்தியா பதிப்பாகக் குறைந்த விலையில் வெளிவந்த, கணிப்பொறிப் புரோகிராமின் அடிப்படைத் தத்துவங்களைச் சொல்லும் அவருடைய நூல். அதன் பின் ஃபோர்ட்ரானின் அடுத்தடுத்த வடிவங்களுக்கும், பிறகு சி பாஷைக்கும் அவர் தனித்தனியே நூல்கள் எழுதினார். பெரிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் காட்டிலும் ஒரு மலிவான பாடப்புத்தகம் ஒரு தேசத்தின் தொழிலை அதிகமாக மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட நூலை எடுத்துக்கொண்டு, யந்திரத்தின் முகத்தையே பாராத மாணாக்கன் எப்படிப் பயின்றான் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். முதலில் ஃபிளோசார்ட். சதுரமும் சாய்சதுரமும் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை காரியம் எவ்வழி செல்லும் என்பதைப் பென்சிலால் வரைய வேண்டும். பிறகு கோடிங் ஷீட் என்னும் கட்டமிட்ட தாள். துளையிட்டு யந்திரத்துக்கு ஊட்டும் பஞ்ச் கார்டில் எண்பது பத்திகள் இருந்தபடியால் தாளிலும் எண்பது கட்டங்கள். முதற்கட்டத்தில் சி என்ற எழுத்தை இட்டால் அந்த வரி மனிதருக்கான குறிப்பு. யந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. முதல் ஐந்து கட்டங்கள் வரியின் இலக்கத்துக்கு; ஆறாவது, முந்தைய வரி இங்கே தொடர்கிறது என்று காட்டுவதற்கு; ஏழிலிருந்து எழுபத்திரண்டு வரை வாக்கியத்துக்கு; கடைசி எட்டும், கார்டுகள் கீழே விழுந்து சிதறினால் மறுபடி அடுக்கிக்கொள்வதற்கான வரிசை எண்ணுக்கு. ஆறாம் கட்டத்தில் தொடங்க வேண்டாததைத் தொடங்கினால் போதும், எத்தனை நேர்த்தியான கணக்கும் பாழ்.

அடுத்தது மனத்தின் சிரமம். அல்ஜீப்ராவில் முதல் வகுப்பில் தேறியவனுக்கு, கே = கே + 1 என்ற வரியைப் படித்ததும் தலை சுற்றும். எந்த எண்ணும் தன்னினும் ஒன்று அதிகமாக இருக்க முடியாதே! வலப்பக்கத்தைக் கணித்து, வந்த விடையை இடப்பக்கத்துப் பெயருள்ள இடத்தில் வைக்கும்படி இடும் கட்டளை அது என்பது விளங்கிவிட்டால், மாணாக்கன் பாதிக் கிணறு தாண்டிவிட்டான் என்று ஆசிரியர்கள் மகிழலாம். ஆனால் மீதிக் கிணறு இன்னும் ஆழமானது. ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு எழுத்துக்களில் தொடங்கும் பெயர்கள் முழு எண்களையே தாங்கும், மற்றவை தசமங்களைத் தாங்கும் என்பது ஃபோர்ட்ரானின் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை மறந்து வட்டியைக் குறிக்க ஐ என்று தொடங்கும் பெயரிட்டவனுக்கு, தசமத்துக்குப் பின்னுள்ள பைசாக்களெல்லாம் உதிர்ந்து போகும். ஒன்றை இரண்டால் வகுத்தால் யந்திரம் சூன்யம் என்று சொல்லும். காரணம், இரண்டும் முழு எண்கள். இத்தகைய வினோதங்களை யந்திரத்தின் முன் அமர்ந்தவன் விடையைக் கண்டு திடுக்கிட்டுத் தெரிந்துகொள்வான். யந்திரமில்லாதவனோ தாளின் ஓரத்தில் ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு பெயரும் என்ன மதிப்பைத் தாங்குகிறது என்பதைத் தானே யந்திரமாகி எழுதிக்கொண்டு போக வேண்டும். டிரை ரன் என்று இதைச் சொல்வார்கள். ஸ்வரக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, வீணையைத் தொடாமல் கீர்த்தனையைப் பாடம் பண்ணுவதைப் போன்ற சாதனை அது. சிரத்தையுள்ளவனுக்கு மனத்துக்குள்ளேயே சுருதி கேட்கும். அல்லாதவனுக்குக் கைவலிதான் மிச்சம்.

யந்திரம் கிடைத்தவர்களுக்கும் அது சுலபமாகக் கிடைத்ததில்லை. கார்டுகளைக் கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு மறுநாள் விடைக்கு வர வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் ஒரு நாள் போயிற்று. ஆகவே அக்காலத்தவர் எழுதுமுன் நெடுநேரம் யோசித்தார்கள். இதை வைத்துக்கொண்டு, பழைய முறைதான் உயர்ந்தது, இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்று சிலர் பிரலாபிப்பதுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. பொறுமை வறுமையிலிருந்து பிறந்ததேயொழிய முறையின் மேன்மையிலிருந்து பிறந்ததன்று. புத்தகத்தோடு நின்று, பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கி, யந்திரத்தின் முன் உட்கார்ந்தவுடன் கைகள் மரத்துப்போனவர்களின் கதையையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தை எடைபோட வேண்டும்.

1966-இல் சிவசேனை தோன்றி, அலுவலகங்களில் தென்னிந்தியர்களின் எண்ணிக்கையைப் பெரிய பிரச்சினையாக்கியது. ஸ்டெனோ உத்தியோகம் இனி பரம்பரைச் சொத்தாக இராது என்பதை மாட்டுங்காக் குடும்பங்கள் உணரத் தொடங்கின என்று கொள்வது தவறாகாது. 1968-இல் பம்பாயில் டாடா கன்சல்டன்ஸி தொடங்கியதும், 1973-இல் அந்தேரியில் சாந்தாகுரூஸ் பெயர் தாங்கிய மின்னணு ஏற்றுமதி வளாகம் ஏற்பட்டதும் வேறொரு கதவைத் திறந்துவைத்தன. செம்பூரையும் அணுசக்தி நகரையும் சேர்ந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்துக் குடும்பங்களுக்கு அந்தக் கதவு முன்பே பரிச்சயம். 1983-இல் வங்கி ஊழியர் சங்கங்களும் நிர்வாகங்களும் கணினிமயம் பற்றி உடன்படிக்கை செய்துகொண்டன; சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு அடுத்த ஆண்டு அதற்குத் திட்டம் வகுத்தது. அதன்பின் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டுகள் தங்கள் பெயர்ப்பலகையில் கம்ப்யூட்டர் என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டன.

அரசாங்கம் 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ யந்திரங்கள் வந்தன. இங்கே முதற்பாஷை பேசிக். அது 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் குர்ட்ஸும் விஞ்ஞானம் படிக்காத மாணவர்களுக்காகவே சமைத்தது. ஆனால் மாட்டுங்கா வட்டாரத்தைப் பைத்தியமாய்ப் பிடித்தது சி. அதைப் படைத்த டெனிஸ் ரிட்சி, பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து 1978-இல் எழுதிய நூல் மெலிந்த நூல். முன்பே விஷயம் தெரிந்தவனுக்குத்தான் அதன் சொற்சிக்கனம் இனிக்கும். முதன்முதலாகக் கற்பவர்களுக்கு இந்நாட்டிலேயே இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரான இ. பாலகுருசாமியுடையது. மற்றது யஷ்வந்த் கனேட்கருடைய 'லெட் அஸ் சி'. கனேட்கர் பட்டம் பெற்றது, 1887-இல் தொடங்கி 1923-இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்த வி.ஜே.டி.ஐ. கல்லூரியில், மேற்படிப்பு, ராஜாராமன் கற்பித்த அதே கான்பூரில். வகுப்பில் வேடிக்கையாகப் பேசும் ஆசிரியரின் குரலில் அவர் எழுதினார். பல்கலைக்கழகத்துப் பண்டிதர்கள் அதைக் கேலி செய்தார்கள். பிள்ளைகள் அதையே வாங்கினார்கள். இரண்டு நூல்களும் புதிதாகவும், பழையதாகவும், மூன்றாம் கை மாறியும் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில் குவிந்து கிடக்கும். அங்கே பரீட்சை முடிந்த பருவத்தில் விற்பவர்களும் கல்லூரி திறக்கும் பருவத்தில் வாங்குபவர்களுமாக ஒரு தனிப் பொருளாதாரமே நடந்துவருகிறது.

மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாயில் வழியாக வெளியேறுபவரின் கதையைச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தை முடித்தால் அது பாதிச் சரித்திரமே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் படித்தார்கள். அந்தப் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்க, நடுநிலை வகுப்புகளோடு நின்றுவிட்டன. மாட்டுங்காப் பையனுக்குப் புத்தகம் கடினமாயிருந்தது பாஷையின் தர்க்கத்தினால். தாராவிப் பையனுக்கோ தர்க்கத்துக்கு முன்பே ஆங்கிலம் குறுக்கே நின்றது. நடைபாதையில் மலிவாகக் கிடைத்த அதே கனேட்கரை வாங்கினாலும், உதாரணத்தின் எண்களைக் கொண்டே விளக்கத்தை ஊகிக்க வேண்டிய நிலை. யந்திரமில்லாமல் கற்ற சிரமத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், மொழியும் இல்லாமல் கற்றவர்களை அந்தப் பெருமையில் சேர்த்துக்கொள்வதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் குறை ஓரளவு நீங்கிற்று. அங்கே மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் தமிழ் வழியிலும் அச்சாகிறது. புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். மாநில அரசின் வலைத்தளத்திலிருந்து எவரும் அந்நூலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பம்பாயின் தமிழ்ப் பிள்ளைகள் மகாராஷ்டிரத்தின் பாடத்திட்டத்தைச் சேர்ந்தவர்களாதலால், அவர்களுடைய பள்ளிப்பையில் அந்நூலுக்கு இடமில்லை.