கண்ணாடி சிரிஞ்சு காலம்

"மாத்திரையெல்லாம் வேணாம் நர்ஸம்மா, ஊசி போட்டாத்தான் கேக்கும்." நான் கிராமச் செவிலியாக இருந்த 1980களில் காரைக்கால் எல்லையிலுள்ள கீழவாஞ்சூர்ப் பெண்கள் இப்படித்தான் கேட்பார்கள். அன்று சிரிஞ்சு கண்ணாடி. பயன்படுத்தியபின் பாகம் பாகமாகக் கழற்றிக் கழுவி, ஸ்டெரிலைசரில் 20 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். ஊசி அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுப்போம். முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். ஊருக்குள் சைக்கிளில் வந்து ஊசி போட்டவர்களுக்கு அந்த 20 நிமிடப் பொறுமை கிடையாது. வெந்நீரில் ஒரு அலசு, அடுத்த கை.

அதே மாதிரி ஊசி மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஊர் ஊராகப் போயிருக்கிறது. போர்ச்சுகல் ஆண்ட கினி-பிசாவுவில் தூக்க நோய்க்கும் காசநோய்க்கும் ஊசி போட்டார்கள். எச்.ஐ.வியின் ஒரு வகையான எச்.ஐ.வி-2 அங்கே பரவியதற்கு அந்த ஊசிகளும், பெண்ணுறுப்புச் சிதைப்புச் சடங்கின் கத்தியும் காரணமாக இருக்கலாம் என்று ழாக் பெப்பான் என்ற கனடா மருத்துவர் முதியவர்களைச் சோதித்து எழுதினார். நோயைத் தீர்க்க வந்தவர்களின் கையாலேயே நோய் பரவியிருக்கலாம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இங்கே 1986இல் சென்னையில் மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளை வேலூரில் சோதித்தார்கள். ஆறு பெண்களுக்கு எச்.ஐ.வி இருந்தது. வழிநடத்தியவர் டாக்டர் சுனிதி சாலமன். அந்த ஆறு பேரும் பாலியல் தொழிலாளிகள் என்பதை ஊர் பிடித்துக்கொண்டது. நோய் வந்த பெண் என்றால் நடத்தை கெட்டவள் என்று முடிவு கட்டியது. கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளான நாமக்கல் கௌசல்யா 1998இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கி, அதை வெளிப்படையாக மறுத்துப் பேசினார். வீட்டை விட்டு எங்கும் போகாத மனைவிகள்தான் அந்தச் சங்கத்தில் நிறையப் பேர்.

எங்கள் எல்லையில் மலிவு மதுக்கடைகள் உண்டு. 2009இல் காரைக்கால் துறைமுகம் வந்தபிறகு லாரிகளும் வரிசை கட்டின. அதை வைத்து இவ்வூர்ப் பெண்களைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். இவர்களுக்கு ஆபத்து வந்த வழிகளைச் சொல்கிறேன்: ஆணுறை போட மறுக்கும் புருஷன், கொதிக்கவைக்காத ஊசி, பிரசவத்தில் ரத்தம் கொட்டும்போது அவசரமாக ஏற்றிய பாட்டில்.

அந்தப் பாட்டில் பற்றி இன்னும் கொஞ்சம். காசுக்கு ரத்தம் விற்பவர்களை நம்பித்தான் பல ரத்த வங்கிகள் ஓடின. உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்புக்குப் பிறகுதான், 1998 ஜனவரியிலிருந்து, அது நின்றது. அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி மட்டுமல்ல, ஹெபடைடிஸ் சி வைரஸும் வரலாம்; அதையே 1989இல்தான் கண்டுபிடித்தார்கள். தானம் செய்த ரத்தத்தில் அந்த வைரஸுக்கான சோதனை இந்தியாவில் 2001இல் கட்டாயமானது. அதற்கு முன் பிரசவத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட தாய்மார்கள் இன்று பேரப்பிள்ளை எடுத்தவர்கள். இந்த வைரஸ் இருபது முப்பது வருஷம் வலியே இல்லாமல் கல்லீரலை அரிக்கும்.

இதற்கென 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் குணமாகிவிடும். அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட அம்மா, அத்தை, சித்தி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள்.