தொழில் தேர்வில் விழுமியங்கள்

தொழில், இல்லறம், வாழிடம் ஆகியவற்றைப் பற்றி முடிவு செய்ய நேரும்போது, தன் விழுமியங்கள் எவை, அதாவது தான் எவற்றை உயர்ந்தனவாகப் போற்றுகிறான் என்பதை ஒருவன் முதலில் தெளிந்து, அத்தெளிவையே அளவுகோலாகக் கொண்டு தேர்ந்துகொள்ளும் முறை, உளவியலிலும் தொழில் வழிகாட்டுதலிலும் ஒரு தனிப் பகுதியாக வளர்ந்துள்ளது.

தோற்றம்: அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், அயல்நாடுகளிலிருந்து குடியேறியோர் செறிந்திருந்த வட பகுதியில், 1908-ஆம் ஆண்டு பிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் ஆலோசனை நிலையமே இத்துறையின் ஊற்றுக்கண் ஆகும். அவ்வாண்டிலேயே அவர் காலமாகிவிட, அவருடைய நூல் 1909-இல் வெளிவந்தது. தன்னுடைய திறமை, நாட்டம், அபிலாஷை ஆகியவற்றை அறிதல், தொழில்களின் இயல்பையும் ஊதியத்தையும் அறிதல், இவ்விரண்டுக்குமுள்ள பொருத்தத்தை விவேகத்துடன் ஆராய்தல் என்னும் மூன்று படிகளை அந்நூல் வகுத்தது.

வகைப்பாடு: ஜெர்மானியத் தத்துவ அறிஞரான எடுவார்ட் ஸ்பிராங்கர், 1914-இல் மக்கள் எந்த விழுமியத்தை முதன்மையாகக் கொள்கின்றனர் என்பதைக் கொண்டு அவர்களின் வாழ்க்கைப் போக்குகளை ஆறாகப் பகுத்தார். உண்மையை நாடுவோர், பயனை நாடுவோர், அழகில் திளைப்போர், பிறரிடம் அன்பு பூண்டோர், அதிகாரத்தை விரும்புவோர், பிரபஞ்சம் முழுவதையும் ஒன்றாகக் கண்டு சமய உணர்வில் தோய்வோர் என்பன அந்த ஆறு வகைகள். எவரும் ஒரே வகையில் முழுமையாக அடங்குவதில்லை. ஆறும் வெவ்வேறு விகிதத்தில் எல்லோரிடத்தும் கலந்துள்ளன.

இவ்வகைப்பாட்டை அடிப்படையாகக் கொண்டு உளவியலறிஞர்களான ஆல்போர்ட்டும் வெர்னானும் 1931-இல் ஒரு வினாத்தொகுதியை இயற்றினர். லிண்ட்சியும் சேர்ந்து 1951-இல் திருத்திய பதிப்பில், 45 வினாக்களுக்குரிய 240 மதிப்பெண்களும் ஆறு விழுமியங்களுக்கிடையே பங்கிடப்படுவதால், ஒன்று உயர்ந்தால் மற்றொன்று தாழ்ந்தே தீரும். இதுவே அம்முறையின் சிறப்பு. ஏனெனில், தொலைவிலுள்ள நகரத்தில் பெருஞ்சம்பள உத்தியோகமும், முதிய பெற்றோருக்கு அருகில் ஆசிரியப் பணியும் ஒருங்கே வாய்க்கும்போது, பணம், பாசம் இரண்டையும் போற்றுகிறேன் என்று சொல்வதால் பயனில்லை. எது முதலாவது, எது இரண்டாவது என்று நிறுத்துப் பார்ப்பவனுக்கே வழி புலப்படும்.

பிற்கால வளர்ச்சி: மில்டன் ரோகீச் 1973-இல், வாழ்வின் முடிவான குறிக்கோள்கள் 18, அவற்றை அடைவிக்கும் ஒழுக்கப் பண்புகள் 18 எனப் பட்டியலிட்டு, அவற்றை முதன்மைப்படி வரிசைப்படுத்துமாறு விடையளிப்போரைக் கேட்டார். ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் பத்து விழுமியங்களை வட்டமாக அமைத்து, இணங்குவனவற்றை அருகருகேயும் முரண்படுவனவற்றை எதிரெதிரேயும் நிறுத்தினார். இன்று தொழில் ஆலோசகர்களும் உளச்சிகிச்சையாளர்களும் இவ்வகைப் பட்டியல்களைக் கையாளுகின்றனர்.

மதிப்பீடு: திறமை ஒருவனை ஒரு தொழிலுக்குத் தகுதியாக்கும், அதில் அவன் மனநிறைவுடன் நிலைத்திருப்பதோ விழுமியத்தின் பாற்பட்டது. ஆதலால் தொழிலைத் தேடுமுன் தன் விழுமியங்களை வரிசைப்படுத்திக்கொள்வதே முறையாகும்.