துறைமுகமும் வீட்டுத்தோட்டமும்: திருகோணமலைப் பகுதியின் செடிப் பரிமாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையும் கடற்படையையும் மையமாகக் கொண்டே எழுதியுள்ளனர். 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பியமை, பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் துறைமுகத்துக்காகப் பொருதமை, 1942 ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமை, 1957இற் பிரித்தானியக் கடற்படை வெளியேறியமை ஆகியன பலரும் அறிந்த செய்திகள். இத்துறைமுகத்தின் வழியாகவும் அதனைச் சூழ்ந்த ஊர்களின் வேலிகளினூடாகவும் நடைபெற்ற வேறொரு போக்குவரத்துப் போதிய கவனம் பெறவில்லை. விதையும் தண்டும் கதியாலும் கைக்குக் கை மாறிய போக்குவரத்து அது. மருந்துச் செடிகளையும் கள்ளி வகைகளையும் வீட்டில் வளர்த்து அயலவருடன் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இன்று வெறும் பொழுதுபோக்காகவே கருதப்படுகின்றது. அப்பொழுதுபோக்குக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் யாருடைய பெயர் நிலைத்தது, யாருடைய பெயர் மறைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கள்ளி என்னும் சொல்லை நோக்குவோம். சங்கப் பாடல்களிற் பாலை நிலமும் சுடுகாடும் வருணிக்கப்படும் இடங்களிற் கள்ளி இடம்பெறுகின்றது. அக்கள்ளி, ஒடித்தாற் பால் வடியும் சதுரக்கள்ளி முதலிய இனங்களைச் சேர்ந்தது. தாவரவியலார் அதனை ஆமணக்குக் குடும்பத்தில் அடக்குவர். நாகதாளி அல்லது சப்பாத்திக்கள்ளி என நாம் வழங்குவதோ முற்றிலும் வேறான குடும்பத்தது. அக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். 1492இன் பின்னர் ஐரோப்பியக் கப்பல்கள் சமுத்திரங்களை இணைத்த பிறகே நாகதாளி ஆசியக் கரைகளை அடைந்தது. வந்த செடிக்கு நம் முன்னோர் புதுப்பெயர் தேடி அலையவில்லை. முள்ளும் சதைப்பற்றும் ஒத்திருந்தமையாற் பழைய சொல்லையே அதற்கும் ஈந்தனர். மரங்களிற் பற்றித் தொங்கும் றிப்சாலிஸ் என்னும் ஒரேயொரு முள்ளில்லா இனம் மட்டும் அமெரிக்காவுக்கு வெளியே, ஆபிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும், இயற்கையாகவே வளர்கின்றது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவதாகக் கதியால் என்னும் சொல். வேலிக்கென வெட்டி நடப்படும் உயிர்த்தண்டை ஈழத்துத் தமிழ் இவ்வாறு வழங்குகின்றது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை முதலியன கதியாலாக நடப்படுவன. ஒரு வளவில் வேலி கத்தரிக்கும் காலத்தில் அயல் வளவுக்குக் கதியால் கிடைக்கின்றது. துளசி, தூதுவளை, கற்பூரவள்ளி, ஆடாதோடை ஆகியனவும் இவ்வாறே வீடு விட்டு வீடு சென்றன. நடு அமெரிக்காவிலிருந்து வந்த மரத்துக்குச் சீமைக்கிளுவை எனப் பெயரிட்டபோது, அது கடல் கடந்து வந்தது என்னும் செய்தியும் அப்பெயரிலே பதிவாயிற்று. எழுத்தில் அமையாத ஒரு தாவரவியல் இது. செடியைக் கொடுப்பவர் அதன் பெயரையும் பயனையும் நச்சுத்தன்மையையும் சேர்த்தே கொடுத்தார். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் ஏட்டிற் காத்த அறிவின் மறுபாதி இவ்வேலிகளில் வாழ்ந்தது எனலாம்.

இவ்வாய்மொழி அறிவு ஐரோப்பிய ஏட்டில் ஏறிய முறைக்குத் திருகோணமலைப் பகுதியோடு தொடர்புடைய ஒரு தெளிவான சான்று உண்டு. 1659 நவம்பரிற் புயலிற் பாய்மரம் இழந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. 1660இற் கப்பற் தலைவர் றொபேட் நொக்ஸும் அதே பெயருடைய அவர் மகனும் வேறு மாலுமிகளும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை மறு ஆண்டிலேயே காலமானார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக உள்நாட்டில் வாழ்ந்து, 1679இல் ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழருடன் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் வெளிவந்த அவரது இலங்கை பற்றிய நூல், நாட்டு மக்கள் மருந்துக்குக் காட்டையே நாடினர் என்பதைக் குறிப்பிடுகின்றது. வட பகுதியில் அலைந்த காலத்திற் கெட்ட நீரைக் குடித்து நோயுற்றபோது, உலர்ந்த ஓர் இலையைப் பொடித்துச் சர்க்கரைக்கட்டியுடன் காலையும் மாலையும் உண்டு தேறியதாகவும் அவர் எழுதியுள்ளார். அவ்விலை கஞ்சா ஆகும்.

இலண்டன் திரும்பிய நொக்ஸ், அறிவியலாளர் றொபேட் ஹூக்கின் நண்பரானார். 1689இல் ஹூக் தமது நாட்குறிப்பில் இச்செடி பற்றி நொக்ஸ் கூறியவற்றைக் குறித்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் வேத்தியற் கழகத்தின் முன் அதுபற்றி உரையாற்றினார். விதைகளையும் அவையினருக்குக் காட்டி, வரும் இளவேனிலில் இங்கிலாந்து மண்ணில் அவற்றை முளைப்பிக்க முயலப்போவதாகவும் அறிவித்தார். செடியைப் பற்றிக் கேட்டறிதல், விதை பெறுதல், தன் மண்ணில் விதைத்துப் பார்த்தல், பிறருக்குச் சொல்லுதல் என்னும் நான்கும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. இன்றைய செடி ஆர்வலர் செய்வனவும் இவையே. ஆயினும் இச்சங்கிலியின் முதற் கண்ணி யார்? நொக்ஸின் பெயர் உண்டு. ஹூக்கின் பெயர் உண்டு. நோயுற்ற அந்நியருக்கு அவ்விலையின் பயனை அறிவித்தவரின் பெயர் நூலில் இல்லை. மூதூரிற் கப்பலார் பிடிபட்ட இடமெனக் கருதப்பட்ட புளியமரத்தருகே 1893இல் ஆங்கிலேயர் நினைவுக்கல் நாட்டினர். ஆபிரிக்காவிலிருந்து முன்னொரு காலத்தில் வந்து நம் சமையலோடு ஒன்றிய புளியைக்கூட, அதன் நிழலிற் பிடிபட்ட வெள்ளையர் பெயரால் அக்கல் நினைவுகூர்கின்றது.

இரண்டாவது சான்று கள்ளியைப் பற்றியது; தமிழகத்தையும் ஈழத்தையும் ஒருசேரத் தொடுவது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையிற் கும்பனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் அன்டர்சன் செடி வளர்ப்பிலும் பரிமாற்றத்திலும் தீராத ஆர்வம் கொண்டவர். இலண்டனில் ஜோசப் பாங்ஸுடனும் இந்தியாவிற் பலருடனும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அக்கடிதங்களை அச்சிட்டும் வெளியிட்டார். சைதாப்பேட்டையில் அவர் ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். கள்ளியை உண்டு வாழும் கொச்சினீல் என்னும் செதிற்பூச்சியிலிருந்து கிடைக்கும் செஞ்சாயத்தின் வாணிகம் அன்று ஸ்பானியரின் கையில் இருந்தது. அதனைக் கும்பனிக்குப் பெற்றுத் தருவதே தோட்டத்தின் நோக்கமாக இருந்தது. ஒரு தனிமனிதரின் ஆர்வமும் ஒரு வாணிகப் பேரரசின் இலாப நோக்கும் ஒரே பாத்தியில் வளர்ந்தமைக்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

1795இற் பிறேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சி கொண்டுவரப்பட்டது. வந்தது உயர்ந்த சாயம் தரும் இனமன்று. தாழ்ந்த வேறோர் இனம். சாய வாணிகம் தோற்றது. ஆனால் அப்பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அடியோடு அழிக்கவல்லது என்பது தெரியவந்தது. வேலிக்கென நடப்பட்டு வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கிய கள்ளியை ஒழிக்க, 1830களில் அப்பூச்சி தென்னிந்தியாவிற் பரப்பப்பட்டது. 1865 அளவிற் தென்னிந்தியாவிலிருந்து அது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. களையை ஒழிப்பதற்கென ஓர் உயிரினத்தை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு வேண்டுமென்றே அனுப்பிய முதல் நிகழ்ச்சியாக உயிரியற் கட்டுப்பாட்டு வரலாற்றாசிரியர் இதனையே குறிப்பிடுவர். 1924இல் நாகதாளியைத் தாக்கும் வேறொரு செதிற்பூச்சி இலங்கைக்கு வந்தது. 1926இல் இங்கிருந்து அது இந்தியாவுக்குச் சென்றது. பாக்குநீரிணைக்கு இருபுறமும் நடைபெற்ற இக்கொடுக்கல் வாங்கலின் நகைமுரண் ஒன்றும் உண்டு. தென்னமெரிக்காவிற் பிறந்த முதலாவது பூச்சி, இங்கு வைத்து விவரிக்கப்பட்டமையால், இன்றும் 'சிலோனிக்கஸ்' என்னும் இலங்கைப் பெயரையே தாங்குகின்றது. நாகதாளியோ முற்றாக ஒழியவில்லை. புந்தல முதலிய வறண்ட வலயக் கரையோரங்களில் இன்றும் ஆக்கிரமிப்புச் செடியாகப் பரவி நிற்கின்றது. வளர்ப்பவரின் ஆர்வம் எவ்வளவு தூயதாயினும், வேலி தாண்டிய செடியின் விளைவை ஊரே சுமக்கின்றது என்பதற்கு இவ்வரலாறு சான்று.

மூன்றாவது சான்று திருகோணமலை நகருக்கே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு அரசாங்கக் குருவாகப் பணியாற்றிய எஸ். ஓ. கிளெனி, ஓய்வு நேரங்களிற் சுற்றுப்புறக் காடுகளிற் செடிகளைச் சேகரித்துப் பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸுக்கு அனுப்பிவந்தார். 1858 முதல் 1864 வரை துவைற்ஸ் வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியலுக்கு இத்தகைய சேகரிப்பாளர் பலரின் உழைப்பு உரமாயிற்று. இலங்கைக்கே உரிய ஒரு மரத்தின் பேரினத்துக்கு ஹூக்கர் 1862இல் 'கிளெனியா' எனப் பெயரிட்டார். பின்னர் ஹென்றி திறைமன் தொடங்கி, அவர் மறைவின் பின் ஹூக்கர் நிறைவு செய்த இலங்கைத் தாவரக் கைநூலில் (1893–1900) திருகோணமலை என்னும் இடப்பெயரை அடுத்துக் கிளெனியின் பெயர் வருவதைக் காணலாம். இந்நூல் செடிகளுக்குரிய சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்தமை பாராட்டுக்குரியது. ஆயினும் அத்தமிழ்ப் பெயர்களைச் சொல்லியவர் யாவர்? காட்டுப் பாதை காட்டியவர், கொம்பொடித்துத் தந்தவர், இது மருந்து, இது நஞ்சு எனப் பிரித்துக் காட்டியவர் ஆகியோர் ஊரவரே ஆதல் வேண்டும். சொல் நூலில் ஏறியது, சொன்னவர் ஏறவில்லை.

இம்மூன்று சான்றுகளையும் ஒருங்கு நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. செடிப் பரிமாற்றம் இரு தளங்களில் நடைபெற்று வந்துள்ளது. ஒன்று வேலியோரத் தளம். அங்கு கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறிவர், கணக்கு எழுதப்படுவதில்லை. மற்றது அஞ்சலும் கப்பலும் அச்சும் இணைத்த தளம்; அங்கு கணக்கு உண்டு, ஆனால் அது மேலிருப்போரின் பெயரையே காத்தது. முதற்றளம் ஈந்த அறிவையே இரண்டாந்தளம் தன் பொருளாக்கிக்கொண்டது. இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மடகாஸ்கரிற் தோன்றி நம் மணற்கரைகளிலும் பூக்கும் பட்டிப்பூவின் இலையை யமேக்கா மக்கள் நீரிழிவுக்குக் குடிநீராகக் கொண்டனர். 1952இல் அவ்விலைகள் கனடாவிலிருந்த ஒரு மருத்துவருக்கு அஞ்சலில் வந்தன. அதன் தொடர்ச்சியாக 1958இற் புற்றுநோய்க்கான வின்பிளாஸ்ரின் பிரித்தெடுக்கப்பட்டது. மனித குலம் முழுவதும் பயன்பெற்ற கண்டுபிடிப்பு அது. அவ்விலையைப் பேணிவந்த ஏழை மக்களின் பங்கு அப்பயனில் எவ்வளவு என்னும் வினா மட்டும் எஞ்சி நிற்கின்றது.

வேலியோரத் தளம் நம் காலத்திற் பெரும் அழிவைக் கண்டது. நீண்ட போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் திருகோணமலைக் கரையோர மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயரச் செய்தன. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து வெளியேறிய சம்பூர் மக்கள், 2015இன் பின்னரே தம் காணிகளுக்குப் படிப்படியாகத் திரும்ப முடிந்தது. இடம்பெயர்வோர் குழந்தையையும் உறுதிப்பத்திரத்தையும் எடுத்துச் செல்வர். வளவில் நின்ற தூதுவளையை எவர் எடுத்துச் செல்வார்? காணியை ஓர் அரசாணையால் விடுவிக்கலாம். ஒன்பதாண்டு ஆளில்லாது கிடந்த வீட்டுத்தோட்டத்தையும், அதனை அறிந்திருந்து முகாமிலே இறந்துபோன முதியவரின் நினைவையும் எவ்வாணையாலும் மீட்க இயலாது. ஆகவேதான் கைக்குக் கை செடி கொடுக்கும் பழக்கத்தை நாம் அற்ப விடயமாகக் கொள்ளவில்லை. ஒரு வளவு அழிந்தாலும் பத்து வளவுகளிற் பகிரப்பட்ட செடி அழிவதில்லை. பகிர்வே அதன் காப்பு.

இன்று இவ்வார்வம் புத்துயிர் பெற்று வருகின்றது. சாடிகளிற் கள்ளி வளர்ப்போர் பெருகியுள்ளனர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. இந்நிலையிற் சில கடப்பாடுகளை வலியுறுத்துதல் தகும். அரிய கள்ளிகள் அவற்றின் தாயகமான அமெரிக்கப் பாலைகளிலிருந்து திருடி விற்கப்படுகின்றன. அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய உடன்படிக்கை கள்ளிக்குடும்பத்தை ஏறத்தாழ முழுமையாகத் தன் பட்டியலில் அடக்கியுள்ளது. இலங்கை 1979இல் அதில் இணைந்தது. எனவே வாங்குபவர், செடி விதையில் வளர்ந்ததா, காட்டிற் பெயர்த்ததா எனக் கேட்டறிதல் கடமையாகும். கஞ்சா போன்றவை 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றின் வரலாற்றைக் கற்பது வேறு, வளர்ப்பது வேறு. கள்ளிப்பால் கண்ணையும் குடலையும் கெடுக்கும் நஞ்சாதலின், கொடுப்பவர் எச்சரித்தே கொடுத்தல் வேண்டும். நாகதாளி போன்று பரவும் இயல்புடையவற்றைச் சாடிக்கு வெளியே விடலாகாது.

இவற்றினும் மேலான கடப்பாடு ஒன்றுண்டு. இலங்கை 1994இல் ஏற்றுறுதி செய்த உயிரினப் பல்வகைமை உடன்படிக்கை, உள்ளூர்ச் சமுதாயங்களின் அறிவை மதித்துப் பேணுமாறு தன் எட்டாம் உறுப்புரையிற் கூறுகின்றது. அதனை அரசு செய்யட்டும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. மூதூரிலோ கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ ஒரு தண்டு கைமாறும்போது, ஊரிலே அதற்கு வழங்கும் பெயர், தமிழரும் முசுலிம்களும் சிங்களவரும் அதனை எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்னும் செய்தி, தந்தவர் இசைந்தால் அவரது பெயர், ஊர், நாள் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செடியோடு சேர்த்துக் கொடுக்கலாம். மாணவர் அத்தாள்களின் பிரதிகளைத் திரட்டி வளாக நூலகத்தில் வைக்கலாம். கிளெனி அனுப்பிய செடிக்குப் பேராதனையில் ஒரு சீட்டு இருந்தது. நம் ஊர் முதியவர் தரும் செடிக்கும் அத்தகைய ஒரு சீட்டு உரியது. அதனை எழுதும் பணியை நம் தமிழ்ச் சங்கங்களே தொடங்குதல் வேண்டும்.