முக்கால் அங்குலத் தண்ணீர்

நம் வீட்டு ‘இந்தியன்’ கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குழியின் நாற்றம் மேலே வராமலும், மேலே சுற்றும் ஈ குழிக்குள் இறங்காமலும் மறிப்பது அதுதான். கிராமத்து வீடுகளுக்காக 1950-களில் இந்தியச் சுகாதார அமைச்சகம் உருவாக்கிய வடிவத்தில் இந்தத் தண்ணீரின் ஆழம் முக்கால் அங்குலம், அதாவது 2 சென்டிமீட்டர். இவ்வளவு சின்ன அளவு பிறப்பதற்கு ஒரு லண்டன் கடிகாரக்காரரும், ஒரு மண்ணெண்ணெய் வியாபாரியின் கோடிகளும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களின் சோகை பிடித்த உடம்பும், சயாமில் ஓர் ஆளுநரும் தேவைப்பட்டார்கள்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தக் கதையில் தனி உரிமை உண்டு. அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் சுட்டெடுக்கிற அந்தப் பீங்கான் ஊரில்தான் கழிவுநீர் ஓடும் ஸ்டோன்வேர் குழாய்களுக்கென்று டான்செம் நிறுவனம் ஓர் ஆலை வைத்திருந்தது. அங்கிருந்து கடலூர் போகும் ரயிலில் ஏறினால் நெய்வேலி தாண்டி வடலூர் வரும். நெய்சர் என்ற பெயரில் கழிப்பறைக் கோப்பைகள் செய்த ஆலை வடலூரில்தான் இருந்தது. வள்ளலார் 1867-இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவதும் அதே ஊரில்தான். தருமம் என்றால் பசித்த வயிற்றுக்குச் சோறு என்பதுதான் நம் மரபு. தருமக் காசை எடுத்து, ‘இந்த நோய் எந்த வழியாக வருகிறது?’ என்ற கேள்விக்குச் செலவழிக்கும் வழக்கம் மிகவும் புதியது. நம் கோப்பை அந்த வழக்கத்தின் குழந்தை.

முதலில் வளைவு. 1775-இல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கழிப்பறைக் குழாயை வளைத்து அதில் தண்ணீரைத் தேக்கிக் காப்புரிமை வாங்கினார். நூறாண்டு கழித்து, 1880-களில், தாமஸ் ட்வைஃபோர்டு என்ற பீங்கான் முதலாளி கோப்பையையும் வளைவையும் ஒரே துண்டாகச் சுட்டு விற்றார். தொட்டி நிறையத் தண்ணீரும் தெருவுக்கடியில் சாக்கடையும் இருந்த நகரத்துப் பணக்காரர்களுக்கே அது உதவியது. குடத்தில் தண்ணீர் சுமக்கிற ஊருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதற்கிடையே ஒரு புழு வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1838-இல் மிலான் நகரில், இறந்துபோன ஒரு விவசாயப் பெண்ணின் குடலில் ஆஞ்செலோ டுபினி என்ற மருத்துவர் கொக்கிப்புழுவைக் கண்டார். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1880-ஐ ஒட்டி ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோட்ஹார்டு ரயில் சுரங்கம் அமைத்த தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இரத்தம் வற்றிச் சாயத் தொடங்கியபோதுதான் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. இருட்டு, ஈரம், கழிப்பிடம் இல்லாத சுரங்கம் எல்லாம் சேர்ந்து புழுவுக்கு வாழ்வு கொடுத்திருந்தன. வாய் வழியாகத்தான் அது உள்ளே போகிறது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளரின் கையில் புழுக்குஞ்சுகள் நீந்திய தண்ணீர் தவறுதலாகச் சிந்தியது. தோல் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே புழு முட்டைகள் தெரிந்தன. மண்ணில் கிடக்கும் மலத்திலிருந்து வெறுங்காலின் தோல் வழியாகப் புழு உடம்புக்குள் ஏறுகிறது என்று தெரிந்த பிறகு, மருந்தைப் போலவே கழிப்பறையும் வைத்தியமாகிவிட்டது.

பணம் வந்த வழியும் ஒரு தற்செயல்தான். 1897 கோடை விடுமுறையில் ஃபிரெடரிக் கேட்ஸ் என்ற முன்னாள் பாதிரியார், வில்லியம் ஆஸ்லர் எழுதிய தடித்த மருத்துவப் பாடநூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜான் டி. ராக்ஃபெல்லரின் கொடைகளைக் கவனித்துக்கொண்டவர் அவர். பக்கத்துக்குப் பக்கம் நோய்களை அழகாக விவரித்த அந்த நூல், குணமாக்கும் வழி என்று வந்தபோது பெரும்பாலும் கையை விரித்தது. பணம் போக வேண்டிய இடம் ஆராய்ச்சிதான் என்று கேட்ஸ் தன் முதலாளியிடம் வாதிட்டார். 1901-இல் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனம் எழுந்தது. 1909-இல் அமெரிக்கத் தென் மாநிலங்களின் கொக்கிப்புழுவை ஒழிக்க 10 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 1913-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பிறந்தது. அந்தச் செல்வத்தின் ஊற்று ஸ்டாண்டர்டு ஆயில். அதன் மண்ணெண்ணெய் டின்கள் இந்தியாவுக்கும் கப்பலேறி வந்தவை. நம் ஊர்களில் விளக்கெரித்த காசும் அந்த உண்டியலில் விழுந்திருக்கிறது.

1914-இல் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவை நடத்திய விக்லிஃப் ரோஸ் கிழக்கு நோக்கிக் கப்பலேறி, இலங்கையிலும் இறங்கினார். 1916-இல் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு இயக்கம் தொடங்கியது. லயங்கள் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள்தான் அதன் நோயாளிகள். கங்காணிகளின் பின்னால் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் அவர்கள். வெறுங்காலோடு, ஈர மண்ணில், தேயிலைப் புதர்களுக்கிடையே வேலை. ஒரு புழு ஒரு நாளில் குடிக்கும் இரத்தம் மிகச் சொற்பம். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

பட்டினி போட்டு, தைமால் என்ற காரமான மருந்தைக் கொடுத்து, பேதிக்குப் போகவைத்துப் புழுவை இறக்கினார்கள். மருந்து வேலை செய்தது. ஆனால் தோட்டத்து முதலாளிகளுக்குக் கழிப்பறை கட்டும் செலவில் மனம் இல்லை. மருந்து தின்றவர் மறுநாள் அதே மண்ணில்தான் நடந்தார், புழு திரும்ப ஏறியது. அந்தத் தொழிலாளிகளின் உடம்பு கற்றுத் தந்த பாடத்துக்கு உரிய நன்றி இன்றுவரை சொல்லப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன். 1920-களில் சென்னை மாகாண அரசோடு சேர்ந்து ராக்ஃபெல்லர் ஆட்கள் இங்கே வந்தபோதும் அதே முடிச்சுதான் காத்திருந்தது. மருந்து இருந்தது, கிராமத்துக்கு ஏற்ற கழிப்பறை இல்லை.

அந்த முடிச்சில் ஓர் இழையைச் சயாமில், இன்றைய தாய்லாந்தில், அவிழ்த்தார்கள். அங்கேயும் 1917-இல் ராக்ஃபெல்லர் உதவியோடு கொக்கிப்புழு இயக்கம் தொடங்கியிருந்தது. 1924-இல் சவன்கலோக் ஆளுநர் பிரயா நகோன் பிரராம், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே வேலை செய்கிற, அன்னத்தின் கழுத்து போல வளைந்த கழிப்பறையை வடிவமைத்தார். கம்மிங்கின் வளைவு தொட்டியையும் சாக்கடையையும் உதறிவிட்டுக் கிராமத்துக்கு இறங்கிவந்தது அப்போதுதான். சவன்கலோக் எப்படிப்பட்ட ஊர் என்று பார்த்தால் விருத்தாசலத்துக்காரர்கள் மகிழ்வார்கள். ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னே அதன் சூளைகளில் சுட்ட பச்சை மெருகுப் பாத்திரங்கள் ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கப்பலில் போயின. அதுவும் ஒரு பீங்கான் ஊர்!

இந்தியாவுக்கு முதலில் வந்தது வேறொரு சரக்கு. டச்சுக்காரர்களின் ஜாவாவில் பழகிய துளைக்கழிப்பறையை ராக்ஃபெல்லர் ஆட்கள் 1930-களில் இங்கே கொண்டுவந்தார்கள். துளைக்கருவியால் சுமார் 20 அடி ஆழத்துக்கு ஒடுங்கிய துளை போட்டு, மேலே ஒரு பலகை வைத்தால் முடிந்தது. செலவு குறைவு. ஆனால் சீக்கிரம் நிறைந்தது, இளகிய மண்ணில் சரிந்தது, நாற்றத்தையும் ஈயையும் தடுக்க அதில் தண்ணீர் மறிப்பு கிடையாது.

அந்தக் குறைகளை அளந்து பார்க்க ஆட்களும் அதே காசில் உருவானார்கள். ராக்ஃபெல்லர் நன்கொடையில் எழுந்த அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் 1932 டிசம்பர் 30 அன்று கல்கத்தாவில் திறக்கப்பட்டது. அங்கே டயர், டி. ஆர். பாஸ்கரன், சி. சந்திரசேகர் என்ற ஆய்வாளர்கள் மூவரும், குழியிலிருந்து கிருமிகள் நிலத்தடி நீரில் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று சோதித்து 1945-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்தச் சந்திரசேகர்தான் 1949-இல் டெமிங் என்ற அமெரிக்கருடன் சேர்ந்து, பதிவாகாமல் விட்டுப்போன பிறப்பு இறப்புகளைக் கணக்கிடும் முறையைத் தந்தவர். அதற்கான தரவும் கல்கத்தா அருகே இதே நிறுவனத்தின் சிங்கூர் நலமையப் பகுதியிலிருந்து வந்தது. கழிப்பறைக் குழி பற்றிய கேள்வியும் உலக மக்கள்தொகைக் கணக்கின் புகழ்பெற்ற ஒரு சூத்திரமும் ஒரே வாசலில் நுழைந்து வெளிவந்திருக்கின்றன.

விடுதலைக்குப் பிறகு உண்டியல் கை மாறியது. கார் விற்ற பணத்தில் பிறந்த ஃபோர்டு அறக்கட்டளை 1952-இல் டெல்லியில் அலுவலகம் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் அலுவலகம் அது. சுகாதார அமைச்சகம் அதன் உதவியோடு சிங்கூர், டெல்லியருகே நஜஃப்கர், சென்னையருகே பூந்தமல்லி என்று மூன்று இடங்களில் ஆய்வும் செயலும் சேர்ந்த திட்டங்களைத் தொடங்கியது. முக்கால் அங்குலம் முடிவானது இங்கேதான்.

அந்தக் கோப்பையின் அளவுகளில் எவ்வளவு யோசனை என்று பாருங்கள். நீளம் 17 அங்குலம். முன்பக்கம் 5 அங்குல அகலம், அகன்ற இடத்தில் 8 அங்குலம். முன்னிருந்து பின்னுக்கு ஒரே சீரான சரிவு. ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றினால் எல்லாம் போய்விட வேண்டும், ஏனென்றால் அந்தத் தண்ணீரை ஒரு பெண் கிணற்றிலிருந்து சுமந்து வருகிறாள். மறிப்பு ஆழமானால் தண்ணீர் அதிகம் கேட்கும், குறைந்தால் காய்ந்து ஈ நுழையும். குழி கோப்பைக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கலாம். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும். ஐரோப்பியப் பீங்கானின் பளபளப்பைவிட இந்தக் கணக்குகளே எனக்கு அழகாகத் தெரிகின்றன.

அந்த அளவில் கோப்பை சுட மண்ணும் வேண்டுமே. 1957-இல் நேரு வந்து நெய்வேலியில் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரியைத் தொட மேலே கிடந்த மண்ணையெல்லாம் அகற்ற வேண்டியிருந்தது. அதில் வெள்ளைக் களிமண் கிடைத்தது. கரிக்காகத் தோண்டியதில் கைக்கு வந்த உபரி அது. அதைக் கழுவிச் சலித்துக் கொடுக்க ஆலை வந்தது. அந்த மண்ணை நம்பியே வடலூர் கோப்பைகளும் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் சூளைகளும் வளர்ந்தன. பீங்கான் தொழில் கற்பிக்க விருத்தாசலத்தில் அரசே கல்வி நிலையம் நடத்துகிறது.

பிறகு நகலெடுக்கும் காலம். அமைச்சகத்தின் அளவுகளைப் பார்த்துச் சிமென்டிலும் மொசைக்கிலும் பீங்கானிலும் கோப்பைகள் வந்தன. லக்னோவில் ஒரு நிறுவனம் அதைத் திருத்தித் தன் வடிவத்தை வெளியிட்டது. 1970-இல் பிந்தேஷ்வர் பாடக் பாட்னாவில் சுலப் இயக்கத்தைத் தொடங்கி, இரட்டைக் குழியை நாடெங்கும் பரப்பினார். ஒரு குழி நிறைந்தால் அடுத்ததற்கு மாற்றிவிடலாம், மூடிய குழி ஓரிரு ஆண்டில் எருவாகும். எடுப்புக் கக்கூஸ் அள்ளும் இழிவிலிருந்து மனிதரை விடுவிப்பதே அவர் நோக்கம். கொடையாளர்கள் புழுவையும் ஈயையும் எண்ணினார்கள், கிருமி நகரும் தூரத்தை அளந்தார்கள். மலம் அள்ளிய மனிதரை, அவர் மேல் சாதி சுமத்திய பாரத்தை, அந்தக் கணக்கில் போதிய அளவு சேர்க்கவில்லை. 2013-இல் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வலுவாக்கப்பட்ட பிறகும், செப்டிக் டேங்குக்குள் இறங்கிச் சாகிறவர்களின் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. இது பொறுக்கத் தகாதது.

2011-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில், இந்த முறை மென்பொருள் விற்ற பணம், ‘கழிப்பறையை மறுபடி கண்டுபிடியுங்கள்’ என்று உலக விஞ்ஞானிகளை அழைத்தது. பில் கேட்ஸ் இணையரின் அறக்கட்டளை சுமார் 4.2 கோடி டாலரை அறிவித்தது. (ஆஸ்லர் படித்த கேட்ஸுக்கும் இவருக்கும் உறவில்லை.) மறு ஆண்டில் முதல் பரிசை வாங்கியது சூரிய ஒளியில் இயங்கும் கால்டெக் கழிப்பறை. நம் ஊருக்கு அதைவிடப் பயன்பட்டது, 2015-இல் அதே அறக்கட்டளையின் ஆதரவில் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டம் என்பது என் கணிப்பு. திருச்சியிலும், கோவையருகே பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையத்திலும், கோப்பைக்குக் கீழே போன மலக்கசடு லாரி ஏறி எங்கே கொட்டப்படுகிறது என்ற கேள்வியை அது எடுத்துக்கொண்டது. நூறாண்டுப் பணம் எட்டாத இடம் அது.

கொக்கிப்புழு ஒழிந்துவிட்டதா? இல்லை. 2015-இல் சில மாநிலங்களில் தொடங்கி, பிறகு நாடெங்கும் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். ஆட்டின் வயிற்றுப் புழுவுக்காக 1970-களில் தேடிக் கண்டுபிடித்த மருந்து அது. பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, ஊரிலுள்ள எல்லா வயதினருக்கும் கொடுத்தால் புழு பரவுவதே நின்றுவிடுமா என்று கேட்க, கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தில் 2017-இல் டீவார்ம்3 என்ற ஆய்வு தொடங்கியது. பெனின், மலாவி நாடுகளோடு இந்தியாவும் களமானது. இங்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி திமிரி வட்டாரத்தையும் ஜவ்வாது மலையையும் எடுத்துக்கொண்டது. ஊர்களை 40 தொகுதிகளாகப் பிரித்து, பாதியில் வீடு வீடாக எல்லோருக்கும் மாத்திரை, மீதியில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு மட்டும். தொடங்கும் முன் எடுத்த கணக்கில் அங்கே கண்ட குடற்புழுக்களில் மேலோங்கியிருந்தது கொக்கிப்புழு. வயது ஏற ஏற அதன் தொற்றும் ஏறியது. பள்ளி மாத்திரை எட்டாத, வயலுக்கும் காட்டுக்கும் போகிற பெரியவர்களிடம் அது தங்கியிருந்தது. மக்களைக் கணக்கெடுக்கப் போனவர்கள், வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொண்டார்கள்.