புள்ளியில் தொடங்கும் வரி

1971-ஆம் ஆண்டின் பிற்பாதியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில் என்னும் ஊரிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், காப்புரிமை இலாகாவைச் சேர்ந்த தட்டெழுத்தாளர் மூவர் நாள் முழுவதும் விண்ணப்பங்களைத் தட்டெழுதுவதும் திருத்துவதும் பக்கமாக அமைப்பதுமாக இருந்தனர். அவர்கள் கையாண்ட அதே கணிப்பொறியில், அதே வேளையில், கென் தாம்ப்சனும் டெனிஸ் ரிட்சியும் அவர்தம் நண்பர்களும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை வளர்த்துக்கொண்டிருந்தனர். அந்த யந்திரத்தின் வட்டில் இருந்த இடமோ அரை மெகாபைட். ஒருவர் எழுதும் நிரல் பிறர் வேலையைக் குலைக்காதிருக்க யாதொரு காப்பும் அதில் இல்லை. புதிய நிரலொன்றைச் சோதித்துப் பார்ப்பதென்றால், தட்டெழுத்தாளர் மூவரின் உழைப்பும் ஒரு நொடியில் பாழாகலாம் என்ற அச்சத்தோடுதான் பார்க்க வேண்டியிருந்தது.

இப்படியொரு விசித்திரமான கூட்டுக்குடித்தனம் ஏற்பட்டதற்குக் காரணம் ஜோ ஒசானா என்பவர். 1969-இல் மல்டிக்ஸ் என்னும் இயங்குதளப் பெருந்திட்டத்திலிருந்து பெல் ஸ்தாபனம் விலகிக்கொண்ட பின்னர், புதியதோர் இயங்குதளம் அமைக்கக் கணிப்பொறி வேண்டும் என்று இவ்விஞ்ஞானிகள் கேட்டபோதெல்லாம் நிர்வாகம் மறுத்தே வந்தது. 1970-இன் தொடக்கத்தில் எழுந்த கோரிக்கையோ வேறு விதமானது. கேட்ட தொகை சுமார் 65,000 டாலர், சொன்ன நோக்கம் ஆவணங்களைத் திருத்தி அச்சுக்குரிய வடிவில் அமைக்கும் சாதனம் ஒன்றை ஆக்குவது. எழுத்தை ஒழுங்குறப் பக்கத்தில் அமைக்கும் கலையில் வாழ்நாள் முழுவதும் ஈடுபாடு கொண்டிருந்த ஒசானாவே அக்கோரிக்கைக்கு மூலபுருஷர். முதலில் அதற்கும் வரவேற்பில்லை; எனினும் மக்மஹன் என்ற சக விஞ்ஞானியின் முயற்சியால் பணம் கிடைத்து, அவ்வாண்டு மே மாதம் பி.டி.பி.-11 யந்திரத்துக்கு உத்தரவு அனுப்பப்பட்டது. இன்று உலகெங்கும் கோடானுகோடிக் கருவிகளில் வாழும் யூனிக்ஸ் மரபு, அச்சுக்கு ஆவணம் அமைத்துத் தருகிறோம் என்ற வாக்குறுதியின் பேரில்தான் தன் யந்திரத்தைப் பெற்றது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த வாக்குறுதியை நிறைவேற்றிய நிரலின் பெயர் ரோஃப். அதன் வமிசாவளி சிறிது பழையது. 1964-இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் என்னும் ஆய்வு மாணவர், தம் ஆய்வேட்டின் முன்வரைவை எழுதும் பொருட்டு ரன்ஆஃப் என்றொரு நிரலை அமைத்தார். அதைப் பின்பற்றி மல்டிக்ஸுக்காக பெல் ஆய்வுக்கூடத்து டக் மக்கில்ராய் ஒன்றை எழுதினார். அதுவே சுருங்கி, பெயரும் குறுகி, யூனிக்ஸை வந்தடைந்தது. சால்ட்சர் வகுத்த நெறி மிக எளியது. எழுதுகிற விஷயத்தை வரி வரியாகத் தட்டெழுதிக்கொண்டே போகலாம். நிரலுக்கு ஏதேனும் ஏவ வேண்டுமாயின், தனி வரியில், முதலிடத்தில் ஒரு புள்ளியை இட்டு, அதை அடுத்து ஏவற்சொல்லை எழுத வேண்டும். எந்த வாக்கியமும் புள்ளியில் முடியுமேயன்றிப் புள்ளியில் தொடங்காதாகையால், பேச்சுக்கும் ஏவலுக்கும் குழப்பம் நேர வழியில்லை. ரோஃபில் அந்த ஏவற்சொல் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து: புள்ளியை அடுத்து ‘சி’, ‘ஈ’ என்று இட்டால் அடுத்த வரி நடுவில் வந்து நிற்கும், ‘எஸ்’, ‘பி’ என்று இட்டால் ஒரு வரி வெற்றிடம் விழும். வரி நிரம்பும் வரை சொற்களை வாரிச் சேர்ப்பதும், ஓரம் நேராக நிற்கும்படி சொற்களின் இடையே வெளியைப் பகிர்வதும், அச்சுக் கோப்பவரின் விரல்கள் செய்துவந்த வேலை. அதை நிரலே செய்தது. அரசின் காப்புரிமை அலுவலகமோ விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரிக்கும் எண் இடப்பட வேண்டும் என்று விதித்திருந்தது. இலாகாவினர் விலைபேசிக்கொண்டிருந்த வேறொரு வணிகச் சாதனத்தால் அது இயலவில்லை. ரோஃபுக்கு அந்த ஆற்றல் விரைவில் ஊட்டப்பட்டது. இலாகா யூனிக்ஸையே ஏற்றுக்கொண்டது.

ஆயினும் ரோஃப் தந்தது தட்டச்சுப் பிரதிதான். 1973-இல் ஆய்வுக்கூடத்துக்கு கிராஃபிக் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஒளியச்சுக்கோப்பு யந்திரம் ஒன்று வந்தது. அதனுள்ளே சுழலும் உருளையில் எழுத்துக்களின் நிழற்படச் சுருள் பொருத்தப்பட்டிருக்கும். வேண்டிய எழுத்து எதிரே வரும் கணத்தில் விளக்கொன்று மின்னலெனப் பளிச்சிட்டு, அவ்வெழுத்தின் உருவைப் புகைப்படத் தாளில் பதிக்கும். பிறகு அத்தாளை ரசாயனத்தில் கழுவி எடுக்க வேண்டும். ஒரே சமயத்தில் நான்கு எழுத்துருக்கள், ஒவ்வொன்றிலும் 102 குறிகள், 6 பாயிண்ட் முதல் 36 பாயிண்ட் வரை அளவுகள்: அவ்வளவே அதன் செல்வம். தட்டச்சில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். இங்கோ ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அகலம். இவ்யந்திரத்தை ஆட்டுவிக்க ஒசானா எழுதிய நிரலே டிரோஃப்.

இதில் ஒசானாவின் மதிநுட்பம் எங்கே வெளிப்பட்டது என்றால், பக்கத்தின் அமைப்பைத் தாமே முடிவு செய்துவிடாமல், அதை அமைத்துக்கொள்ள ஒரு சிறு மொழியையே அவர் ஆக்கித் தந்ததில்தான் என்பேன். பக்கத்தின் அடியில் இன்ன உயரத்தில் ஒரு பொறி வைக்கலாம். எழுத்து அவ்விடத்தை எட்டியதும் பொறி தானே இயங்கிப் பக்க எண்ணை இட்டு மறுபக்கத்தைத் தொடங்கும். அடிக்குறிப்பு நடுவில் வந்தால் அதை வேறிடத்தில் ஒதுக்கி வைத்து, பக்கத்தின் அடிக்கு வந்ததும் எடுத்துப் பொருத்தலாம். அடிக்கடி வேண்டிய ஏவல்களைத் தொகுத்து ஒரே பெயரால் அழைக்கலாம். அவ்வாறு அதே ஆய்வுக்கூடத்து மைக் லெஸ்க் தொகுத்தளித்த ஏவல்களைக் கொண்டு, டிரோஃபின் நுணுக்கம் அறியாதவரும் கட்டுரை அமைத்தனர். அட்டவணைக்கென்று தனி நிரல் ஒன்றும் அவர் தந்தார். கணிதச் சமன்பாட்டுக்கு, அங்கேயே பணியாற்றிய பிரையன் கெர்னிகனும் லோரிண்டா செர்ரியும் செய்த நிரல் இவற்றுள் அழகு மிக்கது: கரும்பலகையருகே நின்று ‘எக்ஸ் ஓவர் ஒய்’ என்று வாயால் படிப்பதை அப்படியே தட்டெழுதினால் போதும், பின்னமாகி எக்ஸ் மேலும் ஒய் கீழுமாக அமையும். கணிதம் அறியாத தட்டெழுத்தாளரும் கணித நூலை அமைக்க வழி பிறந்தது.

1978-இல் வெளிவந்த கெர்னிகன், ரிட்சி இருவரின் ‘சி’ மொழி நூல், ஆசிரியர்களே இம்முறையில் அச்சுக்கோத்தது. அதைக் காண ஒசானா இல்லை. 1977 நவம்பரில் அவர் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற நிரல் விளக்கக் குறிப்பின்றி நெருக்கமாக எழுதப்பட்டதாயினும், கெர்னிகன் அதைப் பொறுமையோடு பயின்று, ஒரே யந்திரத்துக்குக் கட்டுப்பட்டிருந்ததை எந்த யந்திரத்துக்கும் ஏற்றதாக மாற்றியமைத்தார். 1990-இல் ஜேம்ஸ் கிளார்க் என்னும் நிரலாளர் இதை அடியொற்றி, யாவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க குரோஃப் என்னும் நிரலைப் புதிதாக எழுதினார். தாம்ப்சன், ரிட்சி என்ற பெயர்களைச் சொல்லும் நூல்கள் ஒசானாவின் பெயரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அது நியாயமன்று.

லினக்ஸ் கணிப்பொறி வைத்திருக்கும் வாசகர் ‘மேன்’ என்று தட்டெழுதி ஏதேனும் ஒரு கட்டளையின் கையேட்டுப் பக்கத்தைத் திரைக்கு வரவழைக்கட்டும். பெரும்பாலான கணிப்பொறிகளில் அப்பக்கத்தை அமைத்துத் தருவது குரோஃப். அதன் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தால், ஏவல் வரிகள் இன்றும் பெரும்பாலும் புள்ளியில்தான் தொடங்குகின்றன.